பிகாஃப் அண்ணையின் கடிதத்தில் நான் செருகிய வரி

ஒரு மனிதரின் கலியாணத்தை நான் கெடுத்தேன். அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், கையில் வேலை இல்லை, மேசையில் தட்டச்சு யந்திரம் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்ததற்கும் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

முதலில் அந்த மனிதரைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் ஆண்ட கொழும்பில் தனக்காக ஒரு தும்மல்கூடத் தும்மாத ஒரே ஆள் அவர்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் குசினியில் சமையல்காரன் பியதாச மிளகாய் வறுக்கும் நாட்களில், இவர் முன் விறாந்தையில் நின்று மூன்று முறை தும்முவார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஒன் பிகாஃப் ஒஃப் த மெஸ்" என்பார். மெஸ்ஸில் இருந்த எல்லாருடைய சார்பிலும் தும்மியாகிவிட்டது, நாங்கள் இனிச் சிரமப்பட வேண்டாம் என்று பொருள்.

மெஸ் என்றாலும் சமறி என்றாலும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த கலியாணமாகாத கிளாக்கர்மார் ஆறு பேர் சேர்ந்து எடுத்த வீடு அது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு. கொல்லைக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் வந்தால் கதையை நிறுத்துவோம். போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடருவோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பத்தாறு. சமறியில் நாற்பத்தாறு வயது என்றால் தொல்பொருள்.

அவரும் நானும் கோட்டையில் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். பொதுமக்கள் எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு எழுதும் விண்ணப்பங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர் வேலை. துரை எதையும் எழுதமாட்டார். எதையும் வாசிக்கவும் மாட்டார். ஆகவே ஒவ்வொரு பதிலும் "துரை அவர்களின் சார்பில்" என்றுதான் தொடங்கும். "ஒன் பிகாஃப் ஒஃப்" என்ற அந்த மூன்று சொல்லை அவர் இருபத்தைந்து வருடம், நாளொன்றுக்கு நாற்பது தடவை எழுதினார். துரைக்கு வருத்தம் என்று எழுதினார், துரைக்கு மகிழ்ச்சி என்று எழுதினார், துரை ஆழ்ந்து யோசித்தார் என்றும் எழுதினார். துரை அந்த நேரமெல்லாம் குதிரைப் பந்தயத் தாள் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி எழுதி எழுதி, தனக்கென்று ஒரு வருத்தமோ மகிழ்ச்சியோ இருக்கலாம் என்பது அவருக்கு மறந்துபோனது. பசி வந்தால் "மெஸ்ஸுக்குப் பசிக்குது" என்பார். மழையில் நனைந்து வந்தால் "பயணிகள் எல்லாரும் நனைஞ்சு போனம்" என்பார். பார்த்தால் ஒழுங்கையில் அவர் ஒருவர்தான் வந்திருப்பார். பெயர் சொல்லி அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. துரை உட்பட எல்லாருக்கும் அவர் பிகாஃப். எங்களுக்குப் பிகாஃப் அண்ணை.

கந்தோரில் ஒரு பழைய கிளாக்கர் செத்துப்போனார். கனத்தை மயானத்தில் எல்லாரும் பேசி முடித்து, குடையை விரித்துப் புறப்படுகிற நேரம் பிகாஃப் அண்ணை முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "மறைந்தவர் சார்பில், வேலை வெட்டியை விட்டு வந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி" என்றார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. ஆனால் செத்தவரின் மனைவி தலையை நிமிர்த்தினார். "இருவது வருசம் குடும்பம் நடத்தினன். அந்த மனுசன் ஒரு நன்றி சொன்னதில்லை. இண்டைக்குத்தான் சொன்னவர்" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லி, புதிதாக அழத் தொடங்கினார். அதற்குப் பிறகு தெமட்டகொடையிலிருந்தும் பொரளையிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "செத்தவீடொண்டு இருக்கு, அவர் வருவாரோ?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

சமறியில் சின்னத்துரை என்று ஒருவன் இருந்தான். என் வயதுக்காரன், என் எல்லாக் குறும்புக்கும் கூட்டாளி. அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒரு கிழமை முழுக்க முனகினான், ஆனால் பல் வைத்தியரிடம் போகப் பயம்.

"நான் போறன்" என்றார் பிகாஃப் அண்ணை.

"நீங்கள் போய் என்ன செய்யிறது அண்ணை? பல்லு என்ரை வாயில எல்லோ கிடக்கு."

"உன்ரை சார்பில் போய் நிலைமையை எடுத்துச் சொல்லுவன்."

போனார். இரண்டு மணி நேரம் கழித்துக் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். நிலைமையை எடுத்துச் சொல்லச் சொல்ல வைத்தியர் அவரைக் கதிரையில் சாய்த்துவிட்டாராம். எந்தப் பல் என்று கேட்டாராம். இவர், சின்னத்துரைக்கு வலிக்கும் பக்கத்தைத் தன் வாயில் காட்டினாராம்.

"நல்ல பல்லையோ புடுங்கினவர்?" என்று கத்தினான் சின்னத்துரை.

"ஓம். உனக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், சின்னத்துரையின் வலி அந்த நிமிடமே நின்றது. பயத்தில் நின்றதா, வெட்கத்தில் நின்றதா தெரியாது. பிகாஃப் அண்ணை அதைத் தன் சேவைக்குக் கிடைத்த அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

காலை ரயிலில் இன்னொரு கூத்து. யன்னலோர இருக்கைக்காக ஒரு தமிழரும் ஒரு சிங்கள முதலாளியும் சண்டை பிடித்தார்கள். பிகாஃப் அண்ணை எழுந்து, தமிழர் சார்பில் முதலாளியிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். உடனே மற்றப் பக்கம் திரும்பி, முதலாளி சார்பில் தமிழரிடம் தமிழில் மன்னிப்புக் கேட்டார். சண்டை பிடிக்க இனி எதுவும் மிச்சமில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இவரைப் பார்த்தார்கள். "தமுசேட்ட மொகத?" என்றார் ஒருவர். "உமக்கென்ன காணும்?" என்றார் மற்றவர். இரண்டு மொழியிலும் ஒரே கேள்வி. பம்பலப்பிட்டியில் இருவரும் சேர்ந்து அவரை இறக்கிவிட்டார்கள். மேடையில் நின்று, "ரெண்டு தரப்பும் ஒற்றுமையாப் போனது சந்தோசம்" என்று எங்களுக்குக் கை காட்டினார்.

இப்படிப்பட்டவரிடம் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டார்.

அங்கே ஒரு பெண்கள் பாடசாலை மண்டபத்தில் மாதம் ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டம் நடக்கும். நன்றியுரை எப்போதும் பிகாஃப் அண்ணைதான். தலைவர் சார்பில், பேச்சாளர் சார்பில், வந்தவர்கள் சார்பில், வர நினைத்து வராதவர்கள் சார்பில் என்று நன்றி நீளும். ஒரு நாள் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அந்தப் பாடசாலையின் டீச்சர் ஒருவர் அவரிடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த ஃபிரேம் கண்ணாடி, வாயோரத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு தயாராக நிற்கும்.

"உங்களுக்குக் கூட்டம் பிடிச்சுதோ?"

"சபையோர் மிகவும் திருப்தியோட..."

"சபையை நான் கேக்கேல்லை. உங்களைக் கேட்டனான்."

அன்று வெள்ளவத்தைக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. "தம்பி, அவ என்னைக் கேட்டவ" என்றார். "என்னை." மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் கந்தோர் விட்டதும் டிராம் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், பாடசாலை வாசலில் அந்த டீச்சர் வெளியே வரும்வரை நின்று, "பிடிக்கேல்லை. பேச்சாளர் நல்லா அறுத்துப்போட்டார்" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் சிரித்த சிரிப்பைப் பற்றி எங்களுக்கு ஒரு கிழமை அறிக்கை வந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் இல்லாத கிழமையிலும் போகத் தொடங்கினார். வந்து சொல்லுவார்:

"இண்டைக்கு டீயோ கோப்பியோ எண்டு கேட்டவ."

"என்ன சொன்னியள்?"

"கமிற்றி என்ன குடிக்குதோ அது எண்டன். அவ ரெண்டையும் கொண்டுவந்து முன்னால வைச்சிட்டு, கமிற்றி எப்பவோ வீட்டை போயிட்டுது எண்டா."

"பிறகு?"

"ரெண்டையும் குடிச்சன்."

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தனக்குத் தானே பெண் கேட்பது மானக்கேடு. தகப்பன் போக வேண்டும், இல்லாவிட்டால் மாமன், அதுவும் இல்லாவிட்டால் ஒரு தரகர். பிகாஃப் அண்ணைக்கு ஒருவரும் இல்லை; சின்ன வயதிலேயே எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொழும்பு முழுக்க எல்லாருக்காகவும் பேசித் திரிந்த மனிதருக்காகப் பேச ஓர் ஆள் கிடையாது. தரகரை அனுப்புவோம் என்று நாங்கள் சொன்னோம். அவர் தலையாட்டி மறுத்தார்.

"இல்லை தம்பி. அவ என்னைத்தானே கேட்டவ. நானே எழுதப்போறன்."

டீச்சருக்குத் தமையன் ஒருவர், சுங்கத்தில் வேலை, கொட்டாஞ்சேனையில்தான் வீடு. அவருக்குக் கடிதம். கிளாக்கர் வாழ்க்கையில் முக்கியமான எதையும் இங்கிலிசில்தான் எழுத வேண்டும் என்று அப்போது ஓர் எண்ணம். இரண்டு கிழமை எழுதினார். பேனை தானாகவே "ஒன் பிகாஃப்" என்று தொடங்கும், வெட்டுவார், திரும்பவும் அதே. தாள் தாளாகக் கசங்கியது. கடைசியில் நாலே வசனம் மிஞ்சியது. நான் இன்னார். எனக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு உறவினர் இல்லை. உங்கள் தங்கையை நான் திருமணம் செய்ய விரும்புகிறேன். அதை என் மேசையில் வைத்துவிட்டு, "வாசிக்கேக்க, சந்தியில உடுப்பில்லாமல் நிக்கிற மாதிரி இருக்கு, தம்பி. வடிவா ரைப் அடிச்சுத் தா" என்றார்.

கந்தோரில் ஒரு முறை இருந்தது. நான் கடிதத்தை அடித்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, போட்டு அவர் முன் வைப்பேன். அவர் புள்ளடியைக் கண்டால் கையெழுத்து வைப்பார். வாசித்துப் பார்ப்பதாக எனக்குத் தெரிந்ததில்லை.

மத்தியானம். சின்னத்துரை வேறு வந்து நின்றான். "ஐசே, பிகாஃப் இல்லாத பிகாஃபின்ரை கடிதமோ? உப்பில்லாத கூழ் மாதிரி எல்லோ இருக்கு" என்றான். நான் சரியான கடிதத்தை அடித்து மேசையின் இழுப்பறை லாச்சிக்குள் வைத்தேன். பிறகு இன்னொரு தாளை யந்திரத்தில் போட்டேன். அதில் வயதையும் உறவினர் இல்லை என்பதையும் எடுத்துவிட்டு, 'திருமணம் செய்ய விரும்புகிறேன்' என்பதைப் 'பெண் கேட்கிறேன்' என்று மாற்றி, அதற்கு முன்னால் ஒரு வரி செருகினேன்: "இந்த வீட்டில் வசிக்கும் ஓர் இளம் கனவானின் சார்பில்." புள்ளடியும் போட்டேன். கையெழுத்து வைத்தபின் வாசித்துக் காட்டி, அவர் பதற, நாங்கள் சிரித்து, லாச்சியைத் திறந்து மற்றதைக் கொடுப்பது என்பது திட்டம்.

அவர் தாளை யன்னலடிக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையெழுத்து வைத்தார், உறையில் போட்டார், நக்கி ஒட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கித் தெருவைக் கடந்து தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

சின்னத்துரை என்னைப் பார்த்தான். நான் சின்னத்துரையைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சரியான கடிதத்தை அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். "நீ சொல்லு" என்றான் அவன். "நீ சொல்லு" என்றேன் நான். ஒருவரும் சொல்லவில்லை. லாச்சியில் இருந்த கடிதத்தை நான் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை சமறி வாசலில் தமையன் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை, கையில் அந்தக் கடிதம். சின்னத்துரை பனியனோடு நின்றான். என் முகத்தில் பாதி சவர்க்கார நுரை.

"இதில எழுதின இளம் பெடியன் ஆர்?" என்று கேட்டு, கடிதத்தைப் பிகாஃப் அண்ணையிடம் நீட்டினார். "நீங்கள்தானே கையெழுத்து வைச்சிருக்கிறியள்?"

பிகாஃப் அண்ணை கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் பேசியிருக்க வேண்டிய நிமிடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். நான் நுரையைத் துடைத்தேன்.

"அவர்... ஊருக்குப் போயிட்டார்" என்றார் பிகாஃப் அண்ணை.

"அப்பிடியோ. என்ன உத்தியோகம்?"

"கந்தோரில."

"ஆள் எப்பிடி?"

"அதிகம் கதைக்கமாட்டார். குடி கிடையாது. மற்றவைக்கு உதவி எண்டால் முன்னுக்கு நிப்பார்."

தமையனுக்கு முகம் மலர்ந்தது. கதிரையில் அமர்ந்தார். பியதாச தேத்தண்ணி கொண்டுவந்தான்.

"எவ்வளவு காலமா உத்தியோகம்?"

"இருவத்தைஞ்சு வருசம். ஒரே கந்தோர்."

"வயது?"

பிகாஃப் அண்ணை கடிதத்தைப் பார்த்தார். அதில் இளம் கனவான் என்று இருந்தது. "இருவத்தாறு" என்றார்.

தமையன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப பெடியன் ஒரு வயசில வேலைக்குச் சேர்ந்தவரோ?"

அந்த நேரம் பார்த்துப் பியதாச, உதவி செய்கிறேன் என்று நினைத்து, "மாத்தயா, எங்கட வீட்டில அப்பிடி ஒரு ஆள் இல்லைதானே" என்றான்.

தமையன் எழுந்தார். "இல்லாத மாப்பிள்ளைக்கு என்ரை தங்கச்சியைக் கேக்கிறியளோ? என்ன பகிடியோ இது? இனிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் உம்மைக் கண்டால் தெரியும்!" குடையைத் தரையில் ஓங்கிக் குத்திவிட்டுப் போனார். அதே நேரம் ரயில் போனது. அது போய் முடிந்தபிறகும் விட்ட இடத்திலிருந்து தொடர எங்களிடம் சொல் இருக்கவில்லை.

பிகாஃப் அண்ணை என்னைத் திட்டவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் ஒருவர் சார்பிலும் பேசுவதை நிறுத்திவிட்டார். சமறி நாறிப்போனது. பியதாச மூன்று நாள் வேகாத மரவள்ளிக் கிழங்கு வைத்தான். மெஸ் சார்பில் முறையிட ஆள் இல்லை. ரயிலில் சண்டைகள் மருதானைவரை நீண்டன. கந்தோரில் துரைக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. விண்ணப்பங்கள் மேசையில் குவிந்து, ஒரு நாள் துரையே ஒன்றை வாசிக்க நேர்ந்து, காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனார். மிளகாய் வறுத்தால் நாங்களே தும்மினோம்.

பத்து மாதம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரும், அது முடிவதற்குள் யன்னலடியில் நின்ற அந்த முதுகு ஞாபகம் வரும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் ரயில் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, அந்த வரியைப் போட்டது நான்."

"தெரியும்."

"அண்டைக்கு அவர் கடிதத்தை நீட்டேக்கையோ தெரிஞ்சது?"

"கையெழுத்து வைக்க முந்தியே வாசிச்சனான். இருவத்தைஞ்சு வருசத்தில வாசியாமல் ஒரு கடதாசியிலயும் நான் கையெழுத்து வைச்சதில்லை, தம்பி. உங்களுக்குத் தெரியாமல் கண்ணாலயே ஓட்டிப் பாப்பன்."

"அப்ப ஏன் அண்ணை?" என்று மட்டும் கேட்டேன்.

"அண்டைக்குக் காலமையில இருந்து நெஞ்சு இடிச்சபடி. அந்த வரியைக் கண்டதும் இடி நிண்டுபோச்சு. பெண் கேக்கிறது நானில்லை, ஆரோ ஒரு இளம் கனவான். வேண்டாம் எண்டு சொன்னாலும் அது அவனுக்குத்தானே." பாதையோரச் சரளை ஒன்றை எடுத்துக் கடல் பக்கம் எறிந்தார். "நீ பகிடிக்குச் செய்தனீ. நான் அதுக்குள்ள போய் ஒளிச்சிட்டன்."

என்னை விடுவிப்பதற்காக அவர் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அது இன்னும் பாரமாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வெளியே வந்து நின்ற மனிதருக்கு நான் ஒரு மறைவிடத்தைக் காட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பாடசாலை விறாந்தையில் டீச்சரைக் கண்டு, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளடி, லாச்சி, நுரை, ஒரு வயதில் உத்தியோகம் எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அண்ணன் எனக்கும் கடிதத்தைக் காட்டினவர். அந்த இளம் கனவான் ஆரெண்டு எனக்கு உடனை விளங்கினது. வந்து சொல்லுவார், வந்து சொல்லுவார் எண்டு கனநாள் பாத்தனான்." கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "போன மாசம்தான் அண்ணன் பேசின இடத்துக்கு ஓம் எண்டனான். மட்டக்களப்பில ஒரு வாத்தியார். நல்ல மனிசன். சொன்ன சொல்லை இனி மாத்தேலாது, தம்பி."

ஒரு மாதம். பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், ஒரு மாதம் முந்திப் போயிருந்தால் போதும்.

"அவரை ஒருக்கா வரச் சொல்லுங்கோ" என்றார் டீச்சர்.

செய்தியைச் சொன்னதும் பிகாஃப் அண்ணை தொப்பியைத் தேடி எடுத்தார், திரும்பவும் ஆணியில் மாட்டினார். பிறகு, "தம்பி, நீ என்ரை சார்பில போய்..." என்று தொடங்கினார்.

"இல்லை அண்ணை" என்றேன். "வாசல் மட்டும் வாறன். அதுக்கு மேல ஒரு அடி வைக்கமாட்டன்."

அந்தக் கிழமையே போனோம். பாடசாலை விட்ட நேரம். நான் வாசலில் நின்றேன். அவர் விறாந்தைப் படியில் ஏறி, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். யன்னல்களில் பெண்பிள்ளைகளின் தலைகள்.

"ஆருக்காக வந்தனீங்கள்?" என்று கேட்டார் டீச்சர்.

"எனக்காக." அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது. இப்பவும் பிடிச்சிருக்கு. சொல்லப் பயந்திட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான். வேற ஒண்டும் கேக்கேல்லை."

"எனக்கும் பிடிச்சிருந்தது" என்றார் டீச்சர். "நானாவது வந்து கேட்டிருக்கலாம். நானும் பயந்திட்டன்." பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "டீயோ, கோப்பியோ?"

"கோப்பி. சீனி கொஞ்சம் கூடப் போட்டு."

திரும்பி வரும் டிராமில் அவர் அழுதார். கைக்குட்டை கேட்டார், கொடுத்தேன். எதிரில் இருந்த மனிசி, "என்ன ஐயா, ஆரும் செத்துப் போயிட்டினமோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா. எனக்குத்தான் கவலை" என்றார். அழுகைக்கு நடுவில் அதை ஒரு புது உடுப்பைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு சமறியில் நாங்கள் பட்ட பாடு தனி. இருபத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பிடிப்பும் பிடிக்காமையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. எனக்கு இந்தத் தலையணை பிடிக்காது. எனக்குப் பியதாசவின் பருப்புப் பிடிக்காது, பியதாசவைப் பிடிக்கும். சின்னத்துரை குளிக்கும்போது பாடுவது பிடிக்காது. பாடாமல் குளித்தால் அதுவும் பிடிக்காது. என் தலை எண்ணெய் வாசம், என் சப்பாத்துச் சத்தம், நான் சோறு குழைக்கும் விதம், எனக்கு ஊரில் கலியாணம் பேசிய பெண்ணின் புகைப்படம், ஒன்றும் தப்பவில்லை. "சும்மா இரும் காணும்!" என்று சின்னத்துரை கத்துவான். நான் கத்தவில்லை. அவர் சொன்ன அன்றைக்கே தலை எண்ணெயை மாற்றினேன். புகைப்படத்தை மட்டும் மாற்ற முடியாது என்றேன். "பெண் நல்லவ. படம் எடுத்தவனைத்தான் எனக்குப் பிடிக்கேல்லை" என்றார்.

இரண்டு வருடத்தில் எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. கோட்டை ரயில் நிலையத்துக்குச் சமறி முழுக்க வந்தது. பியதாச ஒரு பார்சல் சோறு கட்டிக்கொண்டு வந்தான். பெட்டியை ஏற்றினார்கள், மாலை போட்டார்கள். யாராவது நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று எல்லாரும் பிகாஃப் அண்ணையைப் பார்த்தோம். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மேடையில் ஓர் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. விசில் ஊதியது. ரயில் அசையத் தொடங்கியபிறகுதான் அவர் ஓடி வந்து யன்னல் கம்பியைப் பிடித்தார். கூட நடந்தார். நடை ஓட்டமானது.

"தம்பி," என்றார் மூச்சு வாங்க, "நீ போறது எனக்குப் பிடிக்கேல்லை."

மேடை முடிந்தது. அவர் கையை எடுத்தார். மருதானை தாண்டும்வரை நான் தலையை உள்ளே எடுக்கவில்லை.